மறைந்த துப்பாக்கி மேஸ்திரிக்கு நினைவு மலர் தொகுக்கும் முறை

துப்பாக்கி பழுதுபார்த்து, ஆளின் உடற்கட்டுக்கேற்பக் கட்டை (துப்பாக்கியைத் தோளில் அணைத்துப் பிடிக்கும் மரப்பகுதி) செய்து கொடுத்து வாழ்ந்த ஒரு கைவினைஞர் மறைந்துவிட்டால், அவருடைய வேலைப்பாட்டை ஊரார் போய்ப் பார்ப்பதற்கென்று ஒரு பொது இடம் இருப்பதில்லை. அது தென்னந்தோப்புக்காரர்களின் வீடுகளிலும், எஸ்டேட் பங்களாக்களின் பூட்டிய அலமாரிகளிலும், வயதான உரிமதாரர்களின் பெட்டிகளிலும் சிதறிக் கிடக்கிறது. அந்த உரிமதாரர் காலமாகி, பிள்ளைகள் தங்கள் பெயருக்கு உரிமம் கேட்காமல் விட்டுவிட்டால், துப்பாக்கி காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்படும். விதித்த காலத்துக்குள் அதைத் திரும்பப் பெறவோ உரிமையுள்ள ஒருவருக்கு விற்கவோ செய்யாவிட்டால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அது அரசுடைமையாகிவிடும். அப்படிப் போகும் ஒவ்வொரு துப்பாக்கியோடும் மேஸ்திரியின் கைவேலை ஒன்று யாரும் பார்க்க முடியாத இடத்துக்குப் போய்விடுகிறது. எனவே நினைவு மலர் கொண்டுவர நினைக்கும் குடும்பத்தாரும் சீடர்களும், ஆண்டு நினைவு நாள் நெருங்கட்டும் என்று காத்திராமல், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அண்மையில் மறைந்த ஒரு மேஸ்திரிக்கு மலர் தொகுக்கும் பணியில் நானும் ஒருவனாக இருக்கிறேன். குடும்பத்தாரின் விருப்பப்படி அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகத் தமிழ்நாட்டுக்காரர்களும், நெல்லியாம்பதி மலையிலிருந்து காப்பித் தோட்டக்காரர்களும் அவரைத் தேடி வந்தார்கள். வீட்டில் தமிழும் பட்டறையில் தமிழும் மலையாளமும் பேசிய மனிதர் அவர். இவரைப் போன்றவர்களை நினைவுகூர விரும்பும் பிறருக்கும் பயன்படும் என்பதால் எங்கள் முறையை எழுதி வைக்கிறேன்.

பட்டறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே சட்டம் சார்ந்த காரியத்தை முடித்துக்கொள்ளுங்கள். பழுதுபார்ப்பதற்கு அவர் வைத்திருந்த உரிமம் அவருக்கு உரியது; அவர் மறைந்த பின் அந்த உரிமத்தைக் காட்டி மகனோ சீடனோ வேலையைத் தொடர முடியாது. ஆயுதச் சட்டம் ஆயுதம் என்று சொல்லும்போது முழுத் துப்பாக்கியை மட்டும் குறிப்பதில்லை. அதன் பாகங்களும், அதை உருவாக்கும் இயந்திரங்களும்கூட அந்தச் சொல்லுக்குள் அடங்கும். ஆகவே பாதி கழற்றிய நிலையில் மேசைமேல் கிடக்கும் ஒரு குழலை, இது வெறும் இரும்புதானே என்று யாராவது எடுத்துப் போனால் அது குற்றமாக முடியலாம். மரணச் செய்தியை மாவட்ட ஆயுத உரிம அதிகாரிக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, பட்டறையில் உள்ள வாடிக்கையாளர் துப்பாக்கிகளின் பட்டியலைக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதை அவர்கள் எழுத்தில் சொல்லட்டும்.

எல்லைப்பகுதியில் இருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பொள்ளாச்சிக்காரர் ஒருவருடைய துப்பாக்கி சித்தூர்ப் பக்கத்துப் பட்டறையில் இருந்தால், நல்லெண்ணத்தில் அதை வண்டியில் போட்டுக்கொண்டு சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று நினைக்கத் தோன்றும். அப்படிச் செய்யவே கூடாது. உரிமதாரர் தாமே தம் உரிமப் புத்தகத்தோடு வர வேண்டும். அந்த உரிமம் கேரளத்திலும் செல்லுமா என்பதையும் அதிகாரி முன்னிலையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மேஸ்திரியின் சொந்தத் துப்பாக்கி ஏதேனும் இருந்தால், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி வாரிசு தம் பெயரில் உரிமம் கோரலாம். உரிமம் வரும்வரை அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு பட்டறைக்குள் போகும்போது, எதையும் தொடுவதற்கு முன், துடைப்பதற்கு முன், அடுக்குவதற்கு முன் படம் எடுங்கள். துக்க வீட்டில் சொந்தக்காரர்கள் அன்பின் மிகுதியால் முதலில் செய்வது பட்டறையைப் பெருக்கிச் சுத்தம் செய்வதுதான். அப்படிச் செய்துவிட்டால் எந்த அரம் எந்தக் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, எந்த உளியை அவர் தினமும் எடுத்தார், எதை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தார் என்பதெல்லாம் அழிந்துவிடும். வாசலிலிருந்து ஒரு படம், மேசைக்கு நேர்மேலிருந்து ஒரு படம், அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து அவர் கண்ணுக்குத் தெரிந்தபடி ஒரு படம் என்று எடுத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு கருவியையும் ஓர் அளவுகோலை அருகில் வைத்துத் தனித்தனியாக எடுங்கள். அவரே தமக்காகச் செய்துகொண்ட கருவிகளுக்கு முதலிடம் கொடுங்கள். பழைய அரத்தைத் தீயில் வாட்டித் தட்டிச் செய்த சுரண்டி, திருகாணியின் வாய் சிதையாதபடி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாக முனை தேய்த்து வைத்த திருப்புளிகள் போன்றவை எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அவை ஒவ்வொன்றும் எந்த வேலைக்காகப் பிறந்தது என்பதைச் சீடர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பதிவேடுகள். சட்டப்படி வைக்க வேண்டிய பதிவேடு ஒன்று இருக்கும்; அது அதிகாரிகள் பார்வையிடக்கூடிய ஆவணம் என்பதால், மூலத்தை எடுத்துச் செல்லவோ அதில் எழுதவோ கூடாது. மலருக்கு உண்மையில் உயிர் தருவது அவருடைய சொந்தக் குறிப்பேடுதான். எங்கள் மேஸ்திரி தமிழிலும் மலையாளத்திலும் கலந்து, பென்சிலால், ஒரு வரிக்கு ஒரு வேலை என்று எழுதி வைத்திருந்தார். வந்தவரின் தோள் அகலம், கழுத்து நீளம், எந்தக் கண்ணை மூடிக் குறிபார்க்கிறார், இடதுகைக்காரரா என்பவை முதலில் வரும். கூலி கடைசியில் வரும். இத்தகைய ஏட்டை அப்படியே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, எழுத்தைத் திருத்தாமல், அவர் எழுதிய சுருக்கங்களை அப்படியே வைத்துப் படியெடுங்கள். விளக்கம் தேவைப்படும் இடத்தில் கீழே தனியாக எழுதலாம்.

அந்த ஏட்டிலிருந்து எதை அச்சிடலாம், எதை அச்சிடக் கூடாது என்பதில் உறுதியாக இருங்கள். உரிமதாரரின் பெயர், ஊர், வீட்டு அடையாளம், துப்பாக்கியின் வரிசை எண், உரிமத்தின் தனி அடையாள எண் ஆகிய எதுவும் மலரில் வரக் கூடாது. எந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று அச்சில் சொல்வது அந்த வீட்டுக்காரருக்கு நாம் செய்யும் கேடு. ஒரு மலைத்தோட்டக்காரர், ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்ற அளவில் எழுதினால் போதும். கைபேசியில் எடுக்கும் படத்தோடு இடக்குறிப்பும் சேர்ந்தே பதிவாகும் என்பதால், படம் எடுப்பதற்கு முன் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

இனி துப்பாக்கிகளைத் தேடிப் போகும் கட்டம். என் கணிப்பில் மொத்த வேலையிலும் இதற்கே மிகுதியான நேரத்தை ஒதுக்க வேண்டும். உரிமதாரருக்கு முன்கூட்டியே சொல்லி, அவர் வீட்டிலேயே, அவர் கையாலேயே துப்பாக்கியை எடுக்கச் சொல்லுங்கள். முதலில் தோட்டா அறையைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதை அவரும் நீங்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் அதைக் கையில் வாங்க வேண்டிய தேவையே இல்லை. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, குழலையும் கட்டையையும் அவர் பிரித்து வைக்க, சன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். விளக்கைப் பாய்ச்சினால் இரும்பு பளபளத்து வேலைப்பாட்டை மறைத்துவிடும்.

குழலின் அடிப்பகுதியில், கட்டையோடு சேரும் தட்டையான இடத்தில் சோதனை முத்திரைகள், அதாவது குழல் வெடியின் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று சோதித்துப் பொறித்த அடையாளங்கள், இருக்கும். இங்கிலாந்தில் லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் குழுமம் 1637ஆம் ஆண்டு சாசனம் பெற்றது. பர்மிங்ஹாம் சோதனை நிலையம் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. மலைத்தோட்டங்களில் இன்னும் காணக் கிடைக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் இவற்றின் முத்திரைகளைப் பார்க்கலாம். துப்பாக்கி எங்கே, ஏறத்தாழ எந்தக் காலத்தில் பிறந்தது என்பதை முத்திரை சொல்லிவிடும். மேஸ்திரியின் கைவேலை எங்கிருந்து தொடங்குகிறது என்பதை அதன் பிறகுதான் பிரித்துப் பார்க்க முடியும். குழல் பர்மிங்ஹாமுடையது, கட்டை கொழிஞ்சாம்பாறையில் செய்தது என்று தெளிவாக எழுத முடிந்தால், அந்த ஒரு வரி பல புகழுரைகளுக்குச் சமம்.

அவர் வேலையை விவரிக்கும்போது பொதுவான பாராட்டுச் சொற்களை விட்டுவிட்டுச் செய்முறையை எழுதுங்கள். உதாரணமாக, புதிய கட்டையில் இரும்பைப் பொருத்தும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். அவர் மண்ணெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேலே இரும்புப் பாகத்தைக் காட்டி அதன்மேல் மெல்லிய கரியைப் படியவிடுவார். பிறகு அதை மரத்தில் வெட்டிய குழிக்குள் வைத்து, மரச்சுத்தியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டி, நேராக மேலே தூக்குவார். மரம் எங்கே மயிரிழை மேடாக நிற்கிறதோ அங்கே மட்டும் கரி ஒட்டியிருக்கும். அந்தக் கரும்புள்ளியை மட்டும் சுரண்டியால் எடுத்துவிட்டு, மீண்டும் கரி, மீண்டும் தட்டு, மீண்டும் சுரண்டல் என்று, இரும்பின் முழு அடிப்பரப்பும் மரத்தில் ஒரே சீராகக் கரி பதிக்கும்வரை அந்த வேலை தொடரும். இது அழகுக்காகச் செய்வதன்று. வெடிக்கும்போது வரும் பின்னுதை பரப்பு முழுவதும் பரவாமல் ஓரிடத்தில் மட்டும் விழுந்தால், அந்த இடத்திலிருந்து கட்டை பிளக்கும். அவர் பொருத்திய ஒரு கட்டையைப் பிரித்து உட்புறத்தைப் படம் எடுக்க உரிமதாரர் சம்மதித்தால், அதுவே உங்கள் மலரின் மிக முக்கியமான படமாக அமையும். வெளியே தெரியாத இடத்தில் அவர் எவ்வளவு நேர்மையாக உழைத்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

கட்டையின் அளவுகளையும் விளக்க வேண்டும். விசையிலிருந்து கட்டையின் பின்விளிம்புவரை உள்ள நீளம் இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் பொதுவாக 14 அங்குலத்தை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். உயரம் குறைந்த ஒருவர் அதைத் தோளில் ஏற்றும்போது அது சட்டையில் மாட்டும், கன்னம் உரிய இடத்தில் அமராது. வலக்கைக்காரருக்குக் கட்டை இலேசாக வலப்புறம் ஒதுங்கியிருக்க வேண்டும்; இடக்கைக்காரருக்கு இடப்புறம். எங்கள் மேஸ்திரி அளவெடுக்கும்போது வந்தவரைக் கண்ணை மூடச் சொல்லி, தோட்டா இல்லாத துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தை வைத்துக்கொண்ட பிறகு கண்ணைத் திறக்கச் சொல்வார். திறந்த கண் நேராகக் குழலின் நடுவே பார்க்கிறதா என்பதை எதிரே நின்று கவனிப்பார். தையற்காரர் அளவெடுப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை என்று சொன்னால் வாசகருக்குச் சட்டென்று விளங்கும். கட்டைக்கு எந்த மரம், அது எங்கிருந்து வந்தது, எத்தனை காலம் உலர வைத்தார் என்பதை மரம் கொடுத்தவரிடமே கேட்டறியுங்கள்.

இரட்டைக்குழலின் பற்று, அதாவது குழல்களைச் சேர்த்துப் பிடிக்கும் பற்றவைப்பு, விட்டுப்போயிருக்கிறதா என்று அவர் பார்த்த விதத்தையும் சீடர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். குழலைத் தனியாகக் கழற்றி, கொக்கியில் தொங்கவிட்டு, விரல் கணுவால் சுண்டினால், பற்று நன்றாக இருக்கும் குழல் கணீரென்று ஒலிக்கும். இரு குழல்களையும் இணைக்கும் பட்டை எங்காவது தளர்ந்திருந்தால் ஒலி மங்கிச் சப்பென்று போகும். உரிமதாரர் சம்மதித்தால் இந்த ஒலியைப் பதிவுசெய்து குடும்பத்துச் சேகரிப்பில் வைத்துக்கொள்ளலாம். இவ்வாறு செவிக்கும் கைக்கும் மட்டுமே தெரிந்த அறிவை எழுத்துக்குக் கொண்டுவருவதுதான் மலரின் தலையாய பணி. ஆனால் பொறியமைப்பைத் திருத்தும் நுட்பங்களையோ, பாகங்கள் செய்யும் விதத்தையோ பார்த்துச் செய்யும்படி விரிவாக அச்சிட வேண்டியதில்லை. உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யத்தக்க வேலை அது. அவரும் அதை அப்படித்தான் கருதினார்.

மனிதர்களிடம் பேசும்போது, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் நல்லவர், வல்லவர், கோபக்காரர் என்ற மூன்று சொற்களுக்கு மேல் கிடைக்காது. உங்கள் துப்பாக்கிக்கு முதன்முதலில் என்ன கோளாறு வந்தது, அவரிடம் கொண்டுபோனபோது முதலில் அவர் எதைப் பார்த்தார், எத்தனை நாள் கழித்து வரச் சொன்னார், கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுத்தார் என்று வேலையைப் பிடித்துக்கொண்டே கேளுங்கள். துப்பாக்கி எதிரே மேசையில் இருக்கும்போது கேட்டால் இன்னும் நல்லது. கட்டையில் உள்ள ஒரு தழும்பைக் காட்டி அவர்களே பேசத் தொடங்குவார்கள். மனைவியையும் மறக்காமல் கேட்க வேண்டும். மேஸ்திரி எந்த நேரத்தில் எந்த வேலையைச் செய்தார், எந்த வேலை சரியாக வராமல் சாப்பிடாமல் இருந்தார் என்பதெல்லாம் வாடிக்கையாளர் எவருக்கும் தெரியாதவை.

அவர் செய்ய மறுத்த வேலைகளைத் தனியாகத் திரட்டுங்கள். ஒரு துப்பாக்கி மேஸ்திரியின் மதிப்பு அவர் செய்து கொடுத்தவற்றில் இருக்கும் அளவுக்கு மறுத்தவற்றிலும் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அமரும் அறை 2½ அங்குல நீளத் தோட்டாவுக்காக வெட்டப்பட்டது. இன்று பரவலாகக் கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டா அதைவிட நீளம். இரண்டும் ஒரே பன்னிரண்டு போர் (குழல் துளையின் அளவு) என்பதால் உள்ளே போய்விடும். வெடித்து, தோட்டாவின் முனை மடிப்பு விரியும்போது இடம் போதாமல் அழுத்தம் கூடும். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிச் செய்த பழைய முறுக்குக் குழல்களோ பழைய கரிய வெடிமருந்துக் காலத்தவை. இன்றைய புகையில்லா வெடிமருந்தின் அழுத்தத்துக்கு அவற்றை நம்ப முடியாது. தாத்தாவின் முறுக்குக் குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்து, பன்றி சுட வேண்டும், தயார் செய்து கொடுங்கள் என்று கேட்ட ஒருவரிடம், "இதைய வெடிக்க வெக்கறதுக்கு என்னையக் கேக்காதீங்கண்ணா. லைசென்ஸ புதுப்பிச்சு, தாத்தா நெனப்பா பத்திரமா வெச்சுக்குங்க" என்று அவர் சொல்லி அனுப்பியதை அந்த வாடிக்கையாளரே எங்களிடம் சொன்னார். அன்று வருத்தப்பட்டுப் போனவர், இன்று தம் மகன்களிடம் அதையே சொல்லி வைத்திருக்கிறார். இத்தகைய நிகழ்ச்சிகளை, மறுத்ததற்கான காரணத்தோடு, சம்பந்தப்பட்டவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை என்பது போன்ற பெருமைகளை மட்டும், நேரில் அறிந்த ஒருவர் சொன்னாலொழிய எழுத வேண்டாம்.

அவர் தொழிலை ஆண்டின் ஓட்டத்தோடு சேர்த்துக் காட்டுவதும் நல்ல முறை. தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் சட்டமன்றத் தேர்தல் ஒரே காலத்தில் வருவது வழக்கம். 2016 மே 16ஆம் நாளும் 2021 ஏப்ரல் 6ஆம் நாளும் இரு மாநிலங்களும் ஒரே நாளில் வாக்களித்தன. முடிவு வெளியாகி, நடைமுறைகள் தீர்ந்து, துப்பாக்கி வீடு திரும்பும்போது பாலக்காட்டுக் கணவாய்க்குள் தென்மேற்குப் பருவக்காற்று நுழையும் காலம் வந்துவிடும். மாதக்கணக்கில் எண்ணெய் படாமல் கிடந்த குழல், மழைக்காற்றின் ஈரத்தில் துருப்பிடிக்க நாள் பிடிக்காது. எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் ஆட்கள் வந்து நிற்பதால், அவருடைய ஏட்டில் அந்த ஆண்டுகளின் சூன், சூலை மாதப் பக்கங்கள் இடமில்லாமல் நெருக்கி எழுதப்பட்டிருக்கின்றன. இப்படி நாட்டு நடப்பும் பருவமும் தொழிலும் சந்திக்கும் பக்கங்களைக் கண்டால் அவற்றை முழுப் பக்கப் படமாகவே போடுங்கள்.

காட்டுப்பன்றித் தொல்லை இன்னொரு திருப்பம். பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022ஆம் ஆண்டு மே மாதம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. அதன் பின் பஞ்சாயத்துகள் உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைத் தேடத் தொடங்கின. அலமாரியில் உறங்கிக் கிடந்த துப்பாக்கிகள் மீண்டும் வெளியே வந்தன. அவற்றைப் பார்த்து, இது சுடலாம், இது கூடாது என்று சொல்லத் தெரிந்த ஆள் தேவைப்பட்டார். முதிய வயதில் அவர் மறுபடியும் தேடப்பட்டதற்குக் காரணம் இதுதான் என்பதை விளக்காமல் விட்டால், இளைய வாசகர்களுக்கு அவருடைய கடைசி ஆண்டுகள் புரியாது.

வேட்டைக் கதைகள் ஏராளமாக வந்து குவியும், எச்சரிக்கையாக வடிகட்டுங்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிந்திய வேட்டையைப் பெருமையாகச் சொல்லும் எதையும் அச்சிடக் கூடாது. சொன்னவரையும், மேஸ்திரியின் பெயரையும், வெளியிடும் குடும்பத்தையும் அது சிக்கலில் மாட்டிவிடும் என்பது ஒரு காரணம். துப்பாக்கியைச் செம்மைப்படுத்திக் கொடுத்தவரின் வரலாறு, சுட்டவர்களின் வீரக் கதைகளுக்கிடையே காணாமல் போய்விடும் என்பது அதைவிட முக்கியமான காரணம்.

சொற்களிலும் நிதானம் தேவை. துப்பாக்கி செய்தார் என்று பெருமிதத்தில் எழுதிவிடாதீர்கள்; உற்பத்திக்கும் பழுதுபார்ப்புக்கும் உரிமம் வேறு வேறு. அவர் உரிமத்தில் எது இருந்ததோ அதையே எழுதுங்கள். கட்டை செய்தார், குழலைத் துலக்கிக் கருநீலம் ஏற்றினார், தேய்ந்த வில்லை மாற்றினார், பிடியில் கட்டம் வெட்டினார் என்று வேலைக்கு வேலை எழுதும்போது அவருடைய உண்மையான உயரம் தானாகவே தெரியும். வாழ்க்கைக் குறிப்பில் பிறந்த ஊர், தொழில் கற்ற இடம், கற்றுக் கொடுத்தவர், உரிமம் பெற்ற ஆண்டு ஆகியவற்றை ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சேர்த்தால் போதும். ஒன்றிரண்டு பக்கங்களுக்கு மேல் அது நீள வேண்டியதில்லை.

மலர் இரு மொழிகளிலும் இருக்கட்டும். எங்கள் பக்கத்துத் தமிழர் பலர் மலையாளப் பள்ளியில் படித்தவர்கள். பேசுவது தமிழாக இருந்தாலும் பேரப்பிள்ளைகளுக்கு வாசிக்க வருவது மலையாளமே. சொன்னவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியில் முதலில் அச்சிட்டு, சுருக்கத்தை மற்ற மொழியில் கொடுங்கள். பேச்சுநடையைச் செந்தமிழாக மாற்றிவிடாமல், மேற்கோளுக்குள் இருப்பதை இருந்தபடியே விடுங்கள்.

வெளியீட்டு நிகழ்ச்சிக்கு ஆயுத பூசையை ஒட்டிய ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால், கருவிகளுக்குப் பொட்டிட்டு வைக்கும் வழக்கமும் இதுவும் இயல்பாகச் சேரும். அவருடைய அரங்கள், சுரண்டிகள், மரச்சுத்தி, விளக்கு, மூக்குக் கண்ணாடி, ஏட்டின் படப்பிரதி ஆகியவற்றைக் காட்சிக்கு வையுங்கள். உரிமம் தேவைப்படும் எதையும், துப்பாக்கியின் பாகம் எனத்தக்க எதையும் அங்கே கொண்டுவர வேண்டாம். மரியாதைக்காக வானத்தை நோக்கி ஒரு வெடி வெடிக்கலாமே என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து நேரும்படி கொண்டாட்டத்துக்காகச் சுடுவது 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். மேஸ்திரி உயிரோடு இருந்திருந்தால் முதல் ஆளாக எழுந்து தடுத்திருப்பார் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள்.

அச்சானதும் துப்பாக்கியைக் காட்ட இசைந்த ஒவ்வொரு உரிமதாரருக்கும் ஒரு படி கொடுத்து, அவருடைய துப்பாக்கியின் படங்களை மட்டும் தனி உறையில் சேர்த்துக் கொடுங்கள். பின்னாளில் வாரிசு உரிமம் கோரும்போது அந்த வீட்டாருக்கு அந்தப் பொருளின் அருமை தெரிந்திருக்கும். ஊர் வாசகசாலைக்கு ஒன்றும், சென்னையில் கன்னிமாரா நூலகத்துக்கு ஒன்றும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒன்றும் அனுப்புங்கள். மூல ஏட்டையும் முழுப் படத் தொகுதியையும் ஒலிப்பதிவுகளையும் குடும்பத்தில் ஒருவர் பொறுப்பில் பூட்டி வைத்து, இன்னொரு பிரதியை மூத்த சீடரிடம் ஒப்படையுங்கள். பெயர்களும் எண்களும் உள்ள பக்கங்களைக் குடும்பத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் யாருக்கும் காட்டக் கூடாது என்று அந்த உறையின் மேலேயே எழுதிவிடுங்கள்.